புல்லுருவியை நடும் குருவி

சித்திரை மாதத்தில் திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணில் படுவதெல்லாம் காய்ந்த காடுகரைதான். உசில மரங்கள் இலை உதிர்த்து நிற்கும். கிளுவை வேலி வெறும் குச்சியாகத் தெரியும். அந்த வறட்சிக்கு நடுவே சில மரங்களின் கிளைகளில் மட்டும், அந்த மரத்துக்கு உரியதல்லாத ஒரு பச்சை கொத்துக் கொத்தாகத் தொங்கும். தடித்த இலைகள், ஆரஞ்சுச் சிவப்பில் நீளமான குழல் பூக்கள். புல்லுருவி. ஏதாவது ஒரு நிறுத்தத்தில் இறங்கி அப்படிப்பட்ட மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றால், மேலேயிருந்து ‘டிக்… டிக்… டிக்’ என்று கூரான ஒலி விடாமல் கேட்கும். அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் கழுத்து வலித்துவிடும்.

அது பூக்கொத்தி. அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை எட்டு சென்டிமீட்டர். எடை ஐந்தாறு கிராம். இந்தியாவின் மிகச் சிறிய பறவைகளில் ஒன்று. முதுகு சாம்பலோடிய பழுப்பு, வயிறு அதைவிட வெளிறல், அலகு மட்டும் இளஞ்சிவப்புச் சாயல். ஆண், பெண் என்று பார்த்துச் சொல்ல முடியாது. கொண்டை இல்லை, மினுமினுப்பு இல்லை. அதனால் பார்ப்பவர்களில் பாதிப் பேர் பெண் தேன்சிட்டு என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். அலகைக் கவனித்தால் போதும். தேன்சிட்டின் அலகு நீண்டு வளைந்திருக்கும்; பூக்கொத்தியின் அலகு குட்டை.

பூக்கொத்திக் குடும்பத்தில் சுமார் 50 இனங்கள் இருக்கின்றன. இந்தியாவில் தொடங்கி மலேயா, பிலிப்பைன்ஸ், நியூகினி, ஆஸ்திரேலியா வரை பரவியவை. பெரும்பாலானவை மழை கொட்டும் வெப்பமண்டலக் காடுகளில் வாழ்பவை. நம் திண்டுக்கல் சமவெளியோ மேற்கு மலைகளின் மழைமறைவில் கிடக்கும் பூமி. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதை நம்பி ஆண்டு முழுக்கக் காத்திருக்கும் மண். ஈரக்காட்டுக் குடும்பத்தில் பிறந்த ஒரு பாட்டுக் குருவி வேடசந்தூர்ப் பொட்டலிலும் சின்னாளபட்டித் தெருவிலும் எப்படிப் பிழைக்கிறது?

அதற்கு வேண்டிய காடு மிகச் சிறியது என்பதுதான் விடை. ஒரு மரத்தின் உச்சாணிக் கிளையில் இருக்கும் புல்லுருவிக் கொத்து போதும். கீழே நிற்பது மாவா, புளியா, வேம்பா, வேலமரமா என்பதெல்லாம் அதற்குப் பொருட்டில்லை. வேர்விட்ட மரம் இலை உதிர்த்து நின்றாலும் புல்லுருவி மொட்டையாவதில்லை; அந்த மரம் பாறையிடுக்கில் தேடி எடுத்த நீரைத் தனக்கு இழுத்துக்கொண்டு பச்சையாகவே இருக்கும். ஒரு மரத்துப் புல்லுருவி பூக்காத காலத்தில் நாலு மரம் தள்ளி இருப்பது பூத்திருக்கும். அதில் பூ முடியும்போது இதில் காய் பழுத்திருக்கும். சுற்றிலும் அத்தனையும் காய்ந்து கிடக்கும் மாதங்களிலும் பூக்கொத்திக்குப் பந்தி நடந்துகொண்டே இருக்கும்.

நம் ஊரில் அதிகம் காணப்படும் புல்லுருவியின் தாவரவியல் பெயர் டென்ட்ரோப்தோ பால்கேட்டா. முந்நூறுக்கும் மேற்பட்ட மரவகைகளில் இது தொற்றி வளர்வதாகப் பதிவாகியிருக்கிறது. இலையில் பச்சையம் உண்டு, அதனால் தன் மாவுச்சத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும். நீரும் தாது உப்பும்தான் கடன். கடன் என்றால் திருப்பித் தராத கடன். மரத்தின் இலைகள் வெயில் ஏறியதும் தம் துளைகளை மூடிக்கொண்டு நீரைச் சேமிக்கப் பார்க்கும். புல்லுருவி அப்படிச் சிக்கனம் பிடிப்பதில்லை. அது நீரை வேகமாக ஆவியாக்கி வெளியே விட்டால்தான், மரத்தின் தண்ணீர்க் குழாயிலிருந்து அதன் பக்கமாக ஓட்டம் திரும்பும். தொற்றிய இடத்துக்கு அப்பால் உள்ள கிளை மெலிந்து, காய்ப்புக் குறைந்து, கடைசியில் பட்டுப்போவதற்குக் காரணம் இதுதான்.

பூக்கொத்தி இந்தச் செடியின் பழத்தைத் தின்னும் விதத்தை ஒருமுறையாவது அருகில் பார்க்க வேண்டும். பழம் ஒரு சென்டிமீட்டர் நீளம், பழுத்தால் இளஞ்சிவப்பு, தலையில் சின்ன மகுடம் போலப் புல்லிவட்டத்தின் மிச்சம். குருவியின் தலைக்கு ஏறக்குறைய அதே அளவு. அலகில் பிடித்து ஓரிரு முறை அழுத்தி உருட்டும். பிறகு முழுசாக விழுங்கும். அந்தச் சிறிய தொண்டைக்குள் பழம் இறங்குவது வெளியிலிருந்தே தெரியும். அடுத்தடுத்து இரண்டு மூன்று விழுங்கிவிட்டு, அசையாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கும். சில நிமிடங்கள்தான். பிறகு உடம்பை ஒருமுறை குலுக்கி, வாலைத் தாழ்த்தும். விதை வெளியே வரும். ஆனால் கீழே விழாது. பலாச்சுளையின் பிசின் விரலில் ஒட்டிக்கொண்டு விடாமல் இழுபடுமே, அந்த மாதிரி ஒரு பசை விதையைச் சுற்றியிருக்கும். அது நூலாக நீண்டு தொங்கும். அடுத்த விதையும் அதே நூலில் கோத்துக்கொண்டு வரும். பறவைக்கு அது பெரிய தொல்லை. பின்புறத்தைக் கிளையில் அழுத்தி, அப்படியே பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து துடைத்துவிடும். துடைத்த இடத்தில் விதை ஒட்டிக்கொள்ளும். அதற்குமேல் மழையோ காற்றோ அதை எளிதில் அசைக்க முடியாது.

புல்லுருவி விதைக்கு வேண்டியது இது ஒன்றுதான். மண்ணில் விழுந்தால் அதற்கு வாழ்வில்லை. உயிருள்ள கிளைமேல், அதுவும் பட்டை தடிக்காத மெல்லிய கிளைமேல் ஒட்டினால்தான் உள்ளே நுழைய முடியும். ஆறு கிராம் எடையுள்ள பறவை உட்காருவதும் துடைப்பதும் அப்படிப்பட்ட இளங்கிளைகளில்தான். கொண்டைக்குருவி போன்ற பெரிய பறவைகளும் இந்தப் பழத்தைத் தின்னும். ஆனால் வேறு பத்துப் பழங்களைத் தின்னும் வழியில் இதையும் தின்பவை அவை. தன் உடம்பையே இந்தப் பழத்துக்குத் தகுந்தபடி மாற்றிக்கொண்டது பூக்கொத்திக் குடும்பம்.

உடம்பை எப்படி மாற்றிக்கொண்டது? தானியம் தின்னும் பறவைகளுக்குத் தடித்த தசையாலான அரைவைப்பை இருக்கும். அதில் விதை நொறுங்கிவிடும். இந்தக் குடும்பத்தின் ஆஸ்திரேலிய உறவான புல்லுருவிப் பறவையின் வயிற்றை அறுத்துப் பார்த்தவர்கள் வியந்துபோனார்கள். அதில் அரைவைப்பை குடலின் பாதையை விட்டு ஒதுங்கி, பக்கத்தில் ஒரு சின்னப் பையாக இருந்தது. பூச்சியைத் தின்றால் அது அந்தப் பைக்குள் போய் அரைபடுகிறது. பழம் தின்றால் அந்தப் பக்கமே போகாமல் உணவுக்குழாயிலிருந்து நேரே குடலுக்கு இறங்கிவிடுகிறது. மின்னல் வேகத்தில் வேலை முடிகிறது: தோல் கழன்று, மேலே இருக்கும் இனிப்புச் சதை மட்டும் கரைந்து, பசையும் விதையும் சேதமில்லாமல் வெளியே வந்துவிடுகின்றன. தோல் கழலாத புல்லுருவிப் பழம் முளைப்பதில்லை. ஆகவே இந்தக் குறுகிய பயணம் பறவைக்குச் சோறு, விதைக்கு விடுதலை.

இனி விதையின் முறை. பொதுவாக விதைக்கு மேலே ஓடு இருக்கும், இதற்கு இல்லை. உள்ளே இருப்பதோ பச்சை நிறம். கிளையில் ஒட்டிய சில நாட்களில், மரத்திடமிருந்து ஒரு சொட்டு நீர்கூட வாங்காமல், தன் பச்சையத்தின் பலத்திலேயே முளை விடுகிறது. முளை வெளிச்சத்தை விட்டு விலகி இருட்டை நோக்கி வளைகிறது. கிளையின் பட்டைதான் அந்த இருட்டு. பட்டையைத் தொட்டதும் நுனி தட்டையாக விரிந்து அழுந்தி உட்கார்ந்துகொள்கிறது. அதன் நடுவிலிருந்து உறிஞ்சுவேர் புறப்பட்டுப் பட்டையைத் துளைத்து மரத்தின் நீர்க்குழாயை அடைகிறது. மின்கம்பியில் ஒட்டிய விதையும் முளைக்கத்தான் செய்யும், கல்லில் ஒட்டியதும் முளைக்கும். கொண்டுவந்த சத்து தீர்ந்ததும் காய்ந்துவிடும். உயிருள்ள கிளை என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள விதைக்கு வழியில்லை; அந்தத் தேர்வை முழுக்க முழுக்கப் பறவையின் கால்களிடம் விட்டுவிட்டிருக்கிறது.

நத்தம் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் புத்தகம் படிக்காமலே தெரியும். கல்லாமை, செந்தூரம், பங்கனப்பள்ளி என்று வகைவகையாக மரம் நிற்கும் தோப்பு ஒன்றில், தொரட்டிக் கம்போடு நின்ற பெரியவர் ஒருவர் கிளையில் காய்ந்திருந்த வெள்ளைப் பசைத் தடத்தைக் காட்டினார்.

“குருவி துடைச்ச இடம் தம்பி. அடுத்த வருசம் இங்க வந்து பாருங்க, இலை விட்டிருக்கும்.”

“குருவிய விரட்டிப் பார்த்தீங்களாய்யா?”

“எதுக்கு? இங்க விரட்டுனா அடுத்த மரத்துக்குப் போகும். இங்க போட வேண்டியத அங்க போட்டுட்டு, திரும்பவும் இங்கதான் பழத்துக்கு வரும்.”

அவர் சொன்னதில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. புல்லுருவி பிடித்த மரத்தில்தான் பழம் இருக்கிறது. பழம் இருக்கிற மரத்துக்குத்தான் பறவை வரும். வந்த பறவை அங்கேயே உட்கார்ந்து விதையைத் துடைக்கும். அதனால் ஏற்கெனவே தொற்றிய மரத்தில் மேலும் மேலும் தொற்றும், பக்கத்து மரம் சுத்தமாக நிற்கும். ஒரே வயதுடைய, ஒரே வகை மாமரங்களில் ஒன்று புல்லுருவியால் மூடிக் கிடக்க, பத்தடி தள்ளி நிற்பதில் ஒன்றுகூட இல்லாமல் இருப்பதை எந்தத் தோப்பிலும் பார்க்கலாம். நோய் எதிர்ப்புச் சக்தி, மண், உரம் என்று ஆயிரம் காரணம் தேட வேண்டாம். பெரும்பாலும் குருவியின் பழக்கம்தான் காரணம்.

இந்தியாவில் இந்த உறவை முதலில் கவனமாக எழுதியவர்களில் சலீம் அலி முக்கியமானவர். 1931இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில், கொங்கணப் பகுதியில் புல்லுருவி பரவுவதில் தேன்சிட்டுக்கும் பூக்கொத்திக்கும் உள்ள பங்கைப் பற்றிக் கட்டுரை எழுதினார். பின்னாளில் இந்தியப் பறவையியலின் முகமாக ஆனவர், தொடக்க காலத்திலேயே இப்படிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு குருவிக்கும் யாரும் விரும்பாத ஒரு செடிக்கும் நேரம் ஒதுக்கியிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அரை நூற்றாண்டு கழித்து நீலகிரியில் அதே கேள்வியைக் கையில் எடுத்தவர் பிரியா டேவிதார். மலையில் பல புல்லுருவி இனங்களைத் தொடர்ந்து கவனித்த அவர், தேன்சிட்டுகளை நம்பும் புல்லுருவிகளும் பூக்கொத்தியை நம்பும் புல்லுருவிகளும் வெவ்வேறு விதமாகப் பூப்பதைக் கண்டார். தேன்சிட்டுக்கு நீண்ட, பளிச்சென்ற குழல் பூ. பூக்கொத்திக்கோ சிறிய, மங்கிய பூ. அதில் ஓர் அதிசயம்: அந்த இனங்கள் சிலவற்றில் முற்றிய மொட்டும் பழுத்த கனியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. இதை அவர் 1983இல் வெளியிட்டார். பழம் தேடி வரும் குருவிக்கு, பழம் போலவே தோற்றம் தரும் மொட்டில் தேன் வைத்திருக்கிறது செடி. அலகால் மொட்டைக் கிள்ளும்போது பூ விரிகிறது, மகரந்தம் முகத்தில் ஒட்டுகிறது. மகரந்தத்தைச் சுமப்பதும் அதே பறவை, விதையை நடுவதும் அதே பறவை. ஒரு செடி தன் வம்சத்தின் இரண்டு முனைகளையும் ஆறு கிராம் உயிரொன்றிடம் ஒப்படைத்திருப்பது உலகில் அடிக்கடி நடக்கும் காரியமல்ல.

திண்டுக்கல் மாவட்டத்திலேயே உயரம் ஏற ஏற ஆள் மாறும். கொடைக்கானல் மேட்டில் இந்த வேலையைச் செய்வது நீலகிரிப் பூக்கொத்தி. காடுகளிலும் தோப்புகளிலும் தடித்த அலகுப் பூக்கொத்தி என்று இன்னொன்று உண்டு. உட்கார்ந்த இடத்தில் வாலைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டே இருப்பது அதன் அடையாளம். அது சில சமயம் பழத்தை நசுக்கித் தின்றுவிட்டு, விதையை அலகாலேயே மரப்பட்டையில் தேய்த்துவிடும். வழி வேறு, முடிவு ஒன்றுதான்.

சமவெளிப் பூக்கொத்தி ஊருக்குள் குடிவந்ததற்கு இன்னொரு மரமும் காரணம். பள்ளிக்கூட வாசலிலும் வீட்டுக் கொல்லையிலும் நிழலுக்காக வைக்கும் தேன்பழ மரம். சர்க்கரைப்பழம் என்றும் சொல்வார்கள். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த மரம். பிள்ளைகள் எட்டிப் பறிக்கும் அந்தச் சின்னச் சிவப்புப் பழம் ஆண்டின் பெரும்பகுதி காய்க்கும். பூக்கொத்தி இதை விழுங்குவதில்லை. அலகால் நசுக்கி, சாற்றையும் பொடி விதைகளையும் நாக்கால் இழுத்துக்கொண்டு, தோலைக் கீழே போட்டுவிடும். மரத்தடியில் காலியான சிவப்புத் தோல்கள் சிதறிக் கிடந்தால் அணிலை மட்டும் சந்தேகப்பட வேண்டாம். பேருந்து நிலைய இரைச்சலுக்கு நடுவிலும் இந்த மரத்தில் அதன் ‘டிக் டிக்’ கேட்கும். உண்ணிச்செடிப் பழமும் அதற்குப் பிடிக்கும். இடையிடையே சிலந்தியும் சிறு பூச்சியும் சேர்த்துக்கொள்ளும். குஞ்சு வளரப் புரதம் வேண்டுமல்லவா? ஆஸ்திரேலிய உறவு தன் குஞ்சுகளுக்கு முதல் நாட்களில் பூச்சியை ஊட்டி, கொஞ்சம் வளர்ந்தபின்தான் புல்லுருவிப் பழத்துக்கு மாற்றுகிறது. கூடும் சிலந்தி நூலால் இணைத்ததுதான்: நாரையும் பஞ்சையும் சேர்த்துக் கட்டிய ஒரு சின்னப் பை, மெல்லிய கிளையிலிருந்து தொங்கும். பக்கத்தில் ஒரு வாசல். பெரும்பாலும் இரண்டு முட்டை. மாசியிலிருந்து ஆனி வரை கட்டுவது வழக்கம்.

தோப்புக்காரருக்குப் புல்லுருவி நஷ்டம். அதில் மறுப்பே இல்லை. காய்க்கும் மாவிலிருந்தும் ஆயக்குடிக் கொய்யாவிலிருந்தும் அதை எடுத்தே ஆக வேண்டும். செடியை மட்டும் பிய்த்தால் பலனில்லை. நம் புல்லுருவி கிளையின் மேலாகவே வேரை ஓடவிட்டு, அங்கங்கே புதிய உறிஞ்சுவேர்களை இறக்கும். ஒட்டிய இடத்துக்குக் கீழே, நல்ல கிளை தெரியும் இடம் பார்த்து வெட்ட வேண்டும். அறுவடை முடிந்து கவாத்துச் செய்யும் ஆடி, ஆவணியில் இதையும் சேர்த்துச் செய்துவிடுவது தோப்புக்காரர்களின் வழக்கம். பழம் பழுப்பதற்கு முன்பே வெட்டினால் அந்தக் கொத்திலிருந்து புதிய விதை பரவாது.

நான் வாதாட விரும்புவது தோப்புக்கு வெளியே நிற்கும் புல்லுருவிக்காக. சாலையோரப் புளியில், கண்மாய்க்கரை வேலமரத்தில், கோயில்காட்டில், அய்யலூர்ப் பக்கத்து முட்காட்டில் அது இருப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு சோதனை பதில் சொல்கிறது. டேவிட் வாட்சன் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளியும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் சில காட்டுத்துண்டுகளிலிருந்து புல்லுருவியை ஒன்றுவிடாமல் வெட்டி எடுத்தார்கள். பக்கத்திலிருந்த வேறு துண்டுகளை அப்படியே விட்டார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து எண்ணிப் பார்த்தார்கள். 2012இல் வெளியான முடிவின்படி, வெட்டிய துண்டுகள் சராசரியாகத் தம் பறவையினங்களில் ஐந்தில் ஒரு பங்கை இழந்திருந்தன. காட்டையே நம்பி வாழும் இனங்களில் இழப்பு நாலில் ஒரு பங்குக்கும் மேல்.

எதிர்பாராதது எதுவென்றால், காணாமல் போனவற்றில் பெரும்பாலானவை பழம் தின்னும் பறவைகளே அல்ல. தரையில் சருகைக் கிளறிப் பூச்சி தின்பவை. இதற்கான விளக்கம் புல்லுருவியின் சிக்கனமின்மையில்தான் இருக்கிறது. மரங்கள் இலையை உதிர்ப்பதற்கு முன் அதிலுள்ள சத்தைத் திரும்ப இழுத்து வைத்துக்கொள்ளும். ஓசியில் உப்புக் கிடைக்கும் புல்லுருவிக்கு அந்த அவசியம் இல்லை. சத்து நிறைந்த இலையை அப்படியே கீழே போடும். அதுவும் ஆண்டு முழுக்கப் போடும். அந்தச் சருகில் மண் வளம் பெறுகிறது, பூச்சி பெருகுகிறது, பூச்சியை நம்பியவை வாழ்கின்றன. மரம் ஆழத்திலிருந்து எடுத்ததைப் புல்லுருவி மேல்மண்ணுக்குத் தள்ளிவிடுகிறது.

நம் முட்காட்டில் இதே சோதனையை யாராவது செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. இந்தக் காட்டை வெறும் பொட்டல் என்று நினைத்த காலம் மெல்ல மாறுகிறது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பை 2022இல் கடவூர் தேவாங்கு சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இரவில் தேவாங்கு பூச்சி பிடித்துத் தின்னும் கிளைகளில்தான் பகலில் பூக்கொத்தியும் திரிகிறது. புல்லுருவி இலையைத் தின்று வளரும் ஜெசபெல் என்ற பட்டாம்பூச்சி, சிறகின் அடிப்புறத்தில் மஞ்சளும் ஓரத்தில் சிவப்புமாக, அதே மரத்தைச் சுற்றும். அதன் புழுவுக்குப் புல்லுருவிக் குடும்பத்து இலைதான் சாப்பாடு. ஊதாத் தேன்சிட்டும் அங்கேதான் தேன் குடிக்கும்.

நால்வழிச் சாலைக்காகப் பழைய புளியமரங்கள் விழும்போது, நிழலும் புளியும் போனதை மட்டும் கணக்கில் எழுதுகிறோம். ஒவ்வொரு மரத்தின் உச்சியிலும் பல ஆண்டுகளாகக் குருவிகள் துடைத்துத் துடைத்து வளர்த்த தோட்டமும் சேர்ந்து விழுகிறது. புதிதாக நட்ட கன்றில் அது மறுபடி வர, முதலில் கன்று கிளைவிட வேண்டும், பிறகு கூப்பிடு தூரத்தில் எங்காவது பழமுள்ள ஒரு பழைய கொத்து மிஞ்சியிருக்க வேண்டும். சில நிமிடங்களில் வெளியேறிவிடும் விதையை இந்தச் சின்னக் குருவியால் அதற்குமேல் தூரம் சுமந்துவர முடியாது.